நான்கு மணிப் பொட்டலம்

அத்தியாயம் 17

போன வாரம் கண்டக்டரம்மாவுக்கு ஆபரேஷன் கவுனை மாட்டிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கவுனின் முதுகுப் பக்கம் எந்த முடிச்சும் நிற்காது என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடுவழியில் ஏறியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் இந்த அம்மா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய எலும்பு மஜ்ஜை, ரத்தம் தயாரிக்கிற வேலையை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அடுத்தவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் நடமாட்டம். நடுவில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் இவருக்குக் குறைவு, அதனால்தான் போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டாக்டர்களும்தான். அப்படி நினைத்தே ஏழு மாதம் ஓடிவிட்டது. அப்புறம்தான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் இடது பக்கத்தில் புற்று. சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி பாக்கி.

இன்னொருவர் என்றால் மருந்து ஏற்றிச் சுருக்கப் பார்க்கலாம். இவருக்கு அந்த மருந்தை ஏற்றினால் மிச்சமிருக்கிற மஜ்ஜையும் போய்விடும். வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. வெட்டுவதற்குப் பிளேட்லெட் ஐம்பதாயிரம் வேண்டும், அவரிடம் இருப்பது ஒன்பதாயிரம். வெளி ஆட்களுடையதை ஏற்றினால் ஒரே மணி நேரத்தில் உடம்பு அதை அழித்துவிடுகிறது. மூன்று வருஷமாக ஊரார் ரத்தத்தையே ஏற்றி ஏற்றி, அந்நியர் என்றாலே ஆகாத உடம்பாகிவிட்டது.

பொருந்துகிறவர் ஒரே ஒருவர்தான். கூடப் பிறந்த தம்பி. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி.

அந்தத் தம்பிதான் இந்தத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ரத்த வங்கியின் சாய்வு நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"இன்னும் குத்தவே இல்ல மாமா," என்றாள் கண்டக்டரம்மாவின் மகள்.

பளிங்குத் தரைக்குப் பாலீஷ் போடுகிற மிஷினை ஒற்றை ஆளாக நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிற மனிதர். ஊசியைக் கண்டால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

ஊசி குத்துகிறவர் கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். "காய்ச்சல் இருந்துச்சா? பல் பிடுங்கினீங்களா? கடைசி மூணு நாள்ல வலி மாத்திரை, தலைவலி மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"மாத்திரையா? நானா? தொண்டையில நின்னுக்கும் எனக்கு. பொறந்ததுலேர்ந்து ஒரு மாத்திரை முழுங்கினதில்ல. இவளைக் கேளுங்க."

மகள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலுக்காக அன்றைக்கு மத்தியானம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளப் போகிறாள்.

ஊசி இறங்கியது. மிஷின் சுற்ற ஆரம்பித்தது. ஒரு கையிலிருந்து ரத்தம் போய், பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு அதே கை வழியாகத் திரும்பி வந்தது. மேலே தொங்கிய பையில் இளமஞ்சள் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? உங்கம்மா வாய்க்கு இது பத்துமா?"

"அம்மாகிட்ட நீங்களே கேளுங்க. மேல வாங்களேன் மாமா, ஒரு நிமிஷம்."

"ஆபரேஷன் முடியட்டும். அவ நல்லபடியா கண்ணு முழிக்கட்டும். அப்புறம் பாக்கறேன்."

பிடிவாதம் அந்தக் குடும்பத்தின் பொதுச் சொத்து.

*

பத்தே முக்காலுக்கு மகள் நாலாவது மாடிக்கு ஏறினாள். கையைக் கழுவி, முகக்கவசம் போட்டு, மறுபடி கையைக் கழுவினால்தான் அந்த அறைக்குள் விடுவார்கள். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் அம்மாவிடம் இல்லை. பத்து நாளாகத் தினம் ஓர் ஊசி போட்டு, ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அது எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் தேதியை விடக்கூடாது என்றார் அறுவை டாக்டர். ஏற்கெனவே இரண்டு தேதி வீணாகிப் போயிருந்தது. முதல் தடவை காய்ச்சல். இரண்டாவது தடவை, ஏற்றிய பிளேட்லெட் ஏறவில்லை.

சிஸ்டர் கட்டிலருகே நின்று குறித்துக்கொண்டிருந்தார்.

"வாந்தி?"

"இல்ல."

"வலி?"

"வழக்கம் போல."

"காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுதாவா! ரெண்டு ஸ்டாப்பு தள்ளிக் கேட்டிருக்கும். கதவைத் தொறந்து பாருங்க, யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்திருப்பாங்க."

சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுதிக்கொண்டு போனார். கண்டக்டரம்மா மகள் பக்கம் திரும்பினார். "வாசல்ல நிக்காதே. உள்ள வா, இல்லன்னா எறங்கு. படியில தொங்கினா எனக்குப் பிடிக்காது."

"பை நிறைஞ்சிடுச்சும்மா. ஒரு மணிக்கு உங்களுக்கு ஏத்துவாங்க. ரெண்டு மணிக்குத் தியேட்டர்."

"அழுதானா?"

"கண்ணை மூடிக்கிட்டே இருந்தாரு."

"பயந்தாங்கொள்ளி. பத்து வயசுல தடுப்பூசி போட வந்தப்போ தண்ணி டிரம்முக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டவன் அவன். நான்தான் காதைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்." சொல்லிவிட்டுப் போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். "சாப்பிட்டானா?"

"இனிமேதான் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"சூடா ஏதாச்சும் வாங்கிக் குடு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

ஆறு வருஷத்தில் அம்மா தம்பியைப் பற்றி அக்கறையாக ஏதாவது கேட்டது இதுதான் முதல் தடவை. தாத்தா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்ட அன்று, காலையில் வருகிறேன் என்ற மாமா மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். ஒரு வேலை இழுத்துக்கொண்டதாம். உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்மா சொன்னார்: 'உன்னை நம்பி எதுலயும் இறங்கக் கூடாதுடா.' மாமா பதில் பேசாமல் காரியங்களை முடித்துவிட்டுப் போனவர்தான். அப்புறம் படியேறவில்லை.

*

கேன்டீனில் கூட்டமில்லை. தம்பி முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி உட்கார்ந்திருந்தார். பிரட்டும் முட்டையும் சாப்பிட்டு முடித்து, டீயும் வந்துவிட்டது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இத்தனை வருஷமும் முதுகில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தார்.

"ரெண்டு மணி நேரம் அசையாம கெடந்தேன் பாத்தியா? உங்கத்தை பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டா. எத்தனை மணிக்கு ஏத்துவாங்கன்னு சொன்ன?"

"ஒரு மணிக்கு."

"என்னோடது ஏறினா நிக்கும்ல?"

"நிக்கும்னுதான் டாக்டர் சொல்றாங்க. உங்களோடது மட்டும்தான் நிக்கும்."

"ஹூம்." பெருமையை மறைக்க டீயைக் கிளறினார். "தலைதான் கிண்ணுன்னு இருக்கு." சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு நீலக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஓரத்தைப் பல்லால் கிழித்து, வெள்ளைப் பொடியை டீயில் கொட்டிக் கலக்கினார். காகிதத்தை மேஜையில் போட்டார்.

"என்ன மாமா அது?"

"பொட்டலம்."

"என்ன பொட்டலம்?"

"நாலு மணிப் பொட்டலம். எங்க வேலையில எல்லாரும் போடறதுதான்."

பாலீஷ் வேலைக்காரர்களுக்கு அது ஒரு வழக்கம். காலையிலிருந்து மிஷின் காதுக்குள் அலறும். நாலு மணிக்கு அதை நிறுத்தினால்தான் தலைக்குள் இருக்கிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும். டீ வரும். ஆளுக்கு ஒரு பொட்டலத்தைக் கிழித்து அதில் போட்டுக்கொள்வார்கள். சோப்பும் தீப்பெட்டியும் விற்கிற பெட்டிக்கடையிலேயே அதுவும் சரம் சரமாகத் தொங்கும். அதை மருந்து என்று அவர்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை போடுவது போலத்தான் போடுவார்கள்.

மகளின் வேலையோ வேறு மாதிரி. மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சடிக்கிற அச்சகத்தில் பிழை பார்ப்பவள். பதினோரு வருஷமாகப் பொடி எழுத்தைப் படித்துப் படித்து, எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்காமல் இருக்க முடியாது அவளால். மாமா அவளுக்கு வைத்த பெயரே பூதக்கண்ணாடி. கிழிந்த காகிதத்தை எடுத்துத் தடவி நீவினாள். அச்சு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. அப்புறம்தான் சாய்ந்திருந்த அந்த வரியைப் படித்தாள்.

ஆஸ்பிரின், அறுநூற்று ஐம்பது மில்லிகிராம்.

"மாமா." காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "நேத்து இதைக் குடிச்சீங்களா?"

"தெனம்தான் குடிக்கிறேன்."

"நேத்து ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமைன்னா தரை தானா பளபளக்குமா? இன்னிக்கு லீவு வேணுமேன்னு நேத்து ஒரு மாடி முடிச்சுக் குடுத்தேன். ஏன், என்ன?"

"மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாங்களே, மாமா!"

"மாத்திரை எங்க போட்டேன்? டீ குடிச்சேன்."

மகள் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பெயருக்குக் கீழே வருகிற எச்சரிக்கையை அவள் எத்தனையோ ஆயிரம் தடவை சரி பார்த்திருக்கிறாள். ரத்தம் உறைவதைத் தடுக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் தெரிவிக்கவும். எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் இத்தனை நாளும் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

"இது ஆஸ்பிரின், மாமா. பிளேட்லெட்டை வேலை செய்ய விடாது. உங்க பையில இருக்கிறது பூரா அப்படித்தான் இருக்கும்."

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தமில்லாமல் வைத்தார்.

"இரு. இரு. பை நிறைஞ்சுதுல்ல? ஏத்தினா எண்ணிக்கை ஏறும்ல?"

"ஏறும். காகிதத்துல ஏறும். வயித்தைக் கிழிச்சதுக்கப்புறம் ரத்தம் நிக்காது."

"நிச்சயமா தெரியுமா உனக்கு? நீ என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் இப்பவே போய்ச் சொல்லணும்ங்கறேன்."

"சொன்னா?"

"ஆபரேஷன் நின்னுடும்."

தம்பி பஞ்சு ஒட்டிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டார். அந்தத் தெளிவெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "இது மூணாவது தேதி. ரெண்டு தேதி அவ உடம்பால போச்சு. இது என்னால போச்சுன்னு ஆயிடும். அவ என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியும். உனக்கு மட்டுமா, சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஆறு வருஷமா அந்த ஒரு வார்த்தையை நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். இன்னிக்குத்தான் அதைக் கழுவிட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க வேணும்னு செய்யலியே, மாமா."

"அன்னிக்கும் வேணும்னு செய்யல."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"இதைக் கொட்டிட்டுக் கை கழுவிட்டு வரேன்," என்று டீ கிளாஸோடு எழுந்து போனார்.

கேன்டீனின் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்கதவு உண்டு. இரண்டு நிமிஷம் பார்த்தாள். மூன்று நிமிஷம் பார்த்தாள். எழுந்து போய்ப் பார்த்தால், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. மாமா இல்லை.

ஓடிவிட்டார்.

அம்மா சொன்னது சரிதான் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதற்காக அழுகையும் வந்தது. அழ நேரமில்லை. நீலக் காகிதத்தைக் கைக்குள் மடக்கிக்கொண்டு ரத்த வங்கிக்கு ஓடினாள்.

*

ரத்த வங்கி ஜன்னலில் அவளுக்கு முன்னால் நாலு பேர். "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டே முன்னால் போனாள். பின்னாலிருந்து யாரோ திட்டியது காதில் விழவில்லை. காலையில் ஊசி குத்தியவரே ஜன்னலில் இருந்தார்.

"காலையில எங்க மாமா குடுத்தாரே, அந்தப் பையை மேல அனுப்பாதீங்க. அவரு ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்காரு. பொடி. தெரியாம..."

"தெரியும்மா," என்றார் அவர். "அவரே வந்து சொல்லிட்டாரு. இப்பத்தான், அஞ்சு நிமிஷம் இருக்கும். டீ கிளாஸோடவே வந்துட்டாரு. பொடி கரைச்ச டீ இதுதான், மோந்து பாருங்கன்னு நீட்டறாரு." ஜன்னல் மேடையில் வழியில் தளும்பிச் சிந்தியது போக மிச்ச டீயோடு அந்தக் கிளாஸ் ஆறிப் போய் நின்றது. "பைக்குச் செவப்பு ஒட்டு ஒட்டி ஓரமா வெச்சிட்டோம். பன்னெண்டரைக்குக் கழிவு எடுக்கிற ஆள் வருவாரு, குடுத்துடுவோம்."

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு எங்க?"

"டாக்டர் எந்த மாடின்னு கேட்டாரு. நாலுன்னு சொன்னேன். லிஃப்டுக்குக்கூட நிக்கல."

*

நாலாவது மாடி அறைக்குள் தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். முகக்கவசம் அந்தப் பெரிய முகத்தில் பாதியைத்தான் மூடியிருந்தது. பக்கத்தில் அறுவை டாக்டர். கண்டக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவும் தம்பியும் ஒரே அறைக்குள் நின்று ஆறு வருஷமாகிறது என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டாக்டர் தம்பியைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா ஒரு மணிக்கு ஏத்தியிருப்போம். எண்ணிப் பாத்திருப்போம், அம்பதாயிரம் காட்டியிருக்கும். தைரியமா கத்தி வெச்சிருப்பேன்."

"ஆள் இருக்கும், வேலை நடக்காது. அப்படித்தானே டாக்டர்?" என்றார் தம்பி. "எங்க வேலையிலயும் அப்படி ஆளுங்க உண்டு."

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்போ ஒரு வாய் குடிச்சீங்களா?"

"இல்ல. கலக்கினதோட சரி."

"அப்படின்னா கடைசியா நேத்து நாலு மணி. மூணு நாள் போகணும். வியாழக்கிழமை காலையில மறுபடி குடுங்க. அன்னிக்கே பண்ணிடறோம். அதுவரைக்கும் வெள்ளை அணு எறங்காம பாத்துக்கணும். குடல் அடைச்சுக்காம இருக்கணும்." சிஸ்டர் குறித்து வைத்த அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "காலையில எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. தாங்கும்னு நெனைக்கிறேன். தியேட்டர்ல சொல்லிட்டு வரேன்."

டாக்டர் வெளியே போனார்.

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னார். "திட்டு. எதுவா இருந்தாலும் திட்டிடு. அன்னிக்கு மாதிரி எல்லார் முன்னாலயும் வேணும்னாலும் கூப்பிட்டுத் திட்டு. நான் உன்னை இன்னொரு தடவை..."

கண்டக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"இளைச்சுட்டே."

தம்பி நிமிர்ந்தார்.

"இருபத்திரெண்டு வருஷம் வண்டியில நின்னிருக்கேன். டிக்கெட் எடுக்காதவனை எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன், கணக்கே கெடையாது. ஆனா, நான் எடுக்கலைன்னு தானே எழுந்து வந்து சொன்னவங்க ரெண்டே பேரு. ஒரு கணக்கு வாத்தியாரு. இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி, எறங்கினவ மறுநாள் அதே வண்டிக்குக் காத்திருந்து குடுத்துட்டுப் போனா." மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்தினார். "மூணாவது ஆளு நீதான்டா."

தம்பி முகக்கவசத்தோடு சேர்த்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழாதே. அழுதா அந்த முகமூடி நனைஞ்சிடும், சிஸ்டர் உன்னை வெளிய அனுப்பிடும். கிட்ட வந்து உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பி உட்கார்ந்தார். அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. பஞ்சு ஒட்டியிருந்த இடத்தை மட்டும் ஒரு விரலால் லேசாகத் தொட்டார். "வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே."

"கொஞ்சம் வலிக்குது."

"ம்." கண்டக்டரம்மா கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் இருந்ததை மகள் இதுவரை பார்த்ததில்லை. எத்தனை தடவை ரத்தம் போனபோதும் அசராத அம்மா. இப்போது பயந்திருந்தார்.

"நீ எழுந்து வந்து சொல்லிட்டே. நான் உக்காந்துக்கிட்டே இருந்தா நியாயமில்ல," என்றார். "நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் பிரியல."

"என்னம்மா?"

"காத்து. எதுவுமே பிரியல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. விட்டு விட்டுச் சுருட்டி இழுக்குது. விடியக்காலையில பச்சையா வாந்தி எடுத்தேன், கழுவி விட்டுட்டேன்."

"சிஸ்டர்கிட்ட அவ்வளவு சொன்னீங்களே! ரெண்டு ஸ்டாப்புன்னு..."

"பொய்."

"ஏம்மா?" என்றாள் மகள். "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"ரெண்டு தேதி போச்சுடி. முதல்ல காய்ச்சல்னு அனுப்பினாங்க. அப்புறம் எண்ணிக்கைன்னாங்க. இன்னிக்கு வாந்தின்னு சொன்னா, இதையும் தள்ளி வெச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன். இவன் வேற ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டுக் கீழ படுத்திருக்கான். எப்படியும் ரெண்டு மணிக்கு வயித்தைத் தொறக்கத்தானே போறாங்க, தொறந்தா அவங்களே பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டேன். வியாழக்கிழமைன்னு ஆகும்னு நான் கண்டேனா?"

மகள் மணியை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

டாக்டர் வந்தார். கவுனை விலக்கி வயிற்றில் கை வைத்தார். மேலே வைத்தார், பக்கத்தில் வைத்தார், இடது பக்கம் அழுத்தி எடுத்தார். கையை எடுத்தபோது கண்டக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மகளுக்கு.

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்காது," என்றார். "நாளைக்கு வரைக்கும்கூட வேண்டாம். குடல் வெடிச்சா, இவங்க கிட்ட இருக்கிற வெள்ளை அணுவுக்கு அதைச் சமாளிக்கத் தெம்பில்ல. இன்னிக்கே தொறந்தாகணும்."

"பிளேட்லெட்?" என்றாள் மகள்.

"வெளி ஆளுங்களோடதை ஏத்திக்கிட்டே பண்ணணும். ஏத்த ஏத்த அழிஞ்சுடும்." டாக்டர் நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார். "அந்தப் பை. உங்களோடது. அது இவங்க உடம்புல நிக்கும். முழுசா வேலை செய்யாது, ஆனா வெளிப் பைகளோட சேர்ந்து ஏறினா கொஞ்சமாவது கை குடுக்கும். இந்த நெலைமையில அந்தக் கொஞ்சத்தை நான் விட மாட்டேன். பையை என்ன பண்ணாங்க?"

"ஓரமா வெச்சிருக்காங்க," என்ற மகள் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னெண்டரைக்குக் கழிவு எடுக்க ஆள் வரும்னாங்க."

பன்னிரண்டு இருபத்தெட்டு.

டாக்டர் சுவரிலிருந்த போனை எடுத்து ரத்த வங்கியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாற்காலி தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது தம்பி அறையில் இல்லை. வெளியே படிக்கட்டில் அவருடைய கனமான காலடிச் சத்தம் கேட்டது, இரண்டு இரண்டு படியாக.

"டேய், படியில பாத்து!" என்று கத்தினார் கண்டக்டரம்மா. கத்தியதில் வலி பிடித்துக்கொண்டு, வயிற்றை அணைத்தபடி சாய்ந்தார்.

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "யாருமே எடுக்கலியே. இவரு போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் எடுத்துட்டுப் போயிட்டா..."

"போக மாட்டாங்க," என்றார் கண்டக்டரம்மா. வலியில் கண் மூடியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "அவனை நம்பி நீங்க தியேட்டரைத் தயார் பண்ணுங்க டாக்டர். கொண்டு வந்துடுவான்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.